கம்பி கற்ற பொறுமை

எத்துப்பல், தெத்துப்பல், சிங்கப்பல் என்று பல்லுக்கு எத்தனை பெயர்கள் வைத்திருக்கிறோம்! தெத்துப்பல்லை அழகு என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எத்துப்பல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயை மூடியபடியே சிரிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. கீழே விழுந்தால் முதலில் உடைவதும் அந்த முன்பல்தான். ஆகவே, பல்லுக்குக் கம்பி போடுவதை வெறும் அலங்கார ஆசை என்று தள்ளிவிட முடியாது.

கம்பியின் கதை பிரெஞ்சு தேசத்திலிருந்து வருகிறது. 1728-ல் பியேர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் தமது நூலில் துளையிட்ட பொன் அல்லது வெள்ளித் தகடு ஒன்றை விவரித்தார். கோணிய பல்லை நூலால் அதனோடு கட்டி இழுக்க வேண்டும். குறட்டால் ஒரேயடியாகப் பல்லைத் திருப்பி, பக்கத்துப் பல்லோடு கட்டிவிடுவதும் அவர் கையாண்ட வழி. நினைத்தாலே தாடை வலிக்கிறது!

முரட்டுத்தனமாக நகர்த்துவதற்குப் பல் ஒன்றும் ஆணி அல்ல. மெதுவாக அழுத்தினால் முன்னால் உள்ள எலும்பு கரைந்து வழிவிடுகிறது. பின்னால் புது எலும்பு வளர்கிறது. அழுத்தம் மிஞ்சினால் வேருக்கே ஆபத்து. இதை உணர்ந்து கையை அடக்கிக்கொண்டதுதான் இந்த வைத்தியத்தின் சரித்திரம்.

அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் கோணல் கடிகளை மூன்று வகையாகப் பிரித்து, இதை ஒரு சாஸ்திரமாக்கினார். பல்லைப் பிடுங்கி இடம் பண்ணுவது அவருக்குப் பிடிக்காது. அவரிடம் பயின்ற ஆஸ்திரேலியர் பெக், இடம் போதாத வாயில் பல்லை எடுக்கத்தான் வேண்டும் என்றார். 1950-களில் மெல்லிய எஃகுக் கம்பியால் இலேசாக இழுக்கும் முறையை அவர் வெளியிட்டார். மிஞ்சிய சிஷ்யனா, மீறிய சிஷ்யனா? எப்படியானாலும், அந்த முறை இந்தியாவிலும் வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் வைத்தியப் பிரிவு தொடங்கியது 1953-ல். பல் சீரமைப்பு வைத்தியர்களின் அகில இந்தியச் சங்கம் பிறந்தது 1965-ல்.

பிறகு வந்தது நிட்டினால் கம்பி. நிக்கலும் டைட்டானியமும் கலந்த இந்த உலோகம் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாகி, 1970-களில் பல் வைத்தியத்துக்கு வந்தது. வளைத்தாலும் தன் பழைய வடிவத்தை அது மறப்பதில்லை. வாரக்கணக்கில் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே வைத்தியர் அடிக்கடி கம்பியை மாற்ற வேண்டிய அவசியம் குறைந்தது.

இதனால் நமக்கு என்ன என்கிறீர்களா? திண்டிவனம் பஸ் நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். சுற்றுக் கிராமத்துத் தாய்க்கு, மகளைப் பல் வைத்தியரிடம் அழைத்துப் போவது என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. சிகிச்சையோ ஒன்றரை, இரண்டு வருஷம். பாதியில் நின்றால் செலவழித்த பணமும் வீண். கம்பியின் ஞாபகசக்தி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு பிரயாணமும் அவளுக்கு லாபம்தான்.

ஞாபகசக்தி பல்லுக்கும் உண்டு. கம்பியைக் கழற்றியதும் அது பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும். அதைத் தடுக்கத் தாங்கி ஒன்றை வெகுநாள் அணிய வேண்டும். அந்தத் தாயிடம் இதை முதல் நாளே சொல்லாத வைத்தியம் அரைகுறை வைத்தியமே.