ஓரணு இழந்தவன்: ஒரு நூற்பாவும் உரையும்

உயிரணு முனையில் நிற்பது சர்க்கரை;
ஓரணு இழந்தனன் மனிதன், அதனால்
விட்டன சிலநோய், தொட்டன சிலநோய்;
குதிரை ஊனீர் கொண்டோன் உடலம்
பிறிதெனப் பொருதும், பறவைக் காய்ச்சல்
கோணம் திரியின் குடிபுகும் நம்பால்.

இந்த ஆறடியை எந்த ஏட்டிலும் தேட வேண்டாம். உரை எழுத மூலம் ஒன்று வேண்டுமே என்று நானே கட்டியது; யாப்பறிந்தோர் பொறுக்க. மனிதனுக்கும் விலங்குக்கும் உள்ள ஒரு நுண்ணிய வேற்றுமையும் அதனால் வரும் நோய்களும் இதன் பொருள். உரைக்கு நான் எடுத்துக்கொண்ட ஊர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் அனுமந்தை. உப்பளம், பாம்பு, வலசைப் பறவை மூன்றுக்கும் அருகில் வாழ்கிற ஊருக்கு இந்த அடிகள் வெறும் ஏட்டுச் செய்தி அல்ல.

'உயிரணு முனையில் நிற்பது சர்க்கரை': நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல ஒவ்வோர் உயிரணுவின் மேலும் சர்க்கரைத் தொடர்கள் அடர்ந்து நிற்கின்றன. பல தொடர்களின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம், ஒன்பது கார்பன் அணுக்கள் கொண்ட சர்க்கரை. டீயில் போடும் சர்க்கரையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து வரும் கிருமிகள் பல முதலில் பற்றுவது இதைத்தான்.

'ஓரணு இழந்தனன் மனிதன்': பாலூட்டிகளிடம் இந்த அமிலம் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும்: நியூ5ஏசி, நியூ5ஜிசி (இனி ஏசி, ஜிசி). முன்னதோடு ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்தால் பின்னது. சேர்த்துவைக்கும் நொதிக்கான மரபணு நம் மூதாதையரிடம் ஏறக்குறைய இருபது முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பழுதாகிவிட்டது. சிம்பன்சியிடம் ஜிசி உண்டு, நம்மிடம் இல்லை. 1998-ல் இதை வெளிப்படுத்திய ஆய்வுக்குத் தலைவர் அஜித் வர்கி. ஆய்வகம் இருப்பது கலிபோர்னியாவின் சான் டியேகோவில். மருத்துவம் படித்தது வேலூர் சி.எம்.சி.யில். நம் பிளஸ் டூ உயிரியல் பாடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

'விட்டன சிலநோய், தொட்டன சிலநோய்': சிம்பன்சியைப் பிடிக்கும் மலேரியாக் கிருமி ஒன்று ஜிசியை விரும்பிப் பற்றுகிறது. நம் சிவப்பணுவில் அது இல்லாததால் அந்த நோய்க்குப் பிடிமானம் போயிற்று. ஆனால் அதன் நெருங்கிய உறவான பால்சிபாரம், அதாவது ஆளைக் கொல்லும் மலேரியா, ஏசியைப் பற்றக் கற்றுக்கொண்டது. 2005-ல் வர்கியும் கூட்டாளிகளும் இதைக் காட்டினார்கள். டைபாய்டு நச்சும் அப்படியே: ஏசியில் ஒட்டும், ஜிசியில் ஒட்டாது. ஒரு கதவை அடைத்து இன்னொன்றைத் திறந்ததுதான் மிச்சம்.

'குதிரை ஊனீர் கொண்டோன் உடலம் பிறிதெனப் பொருதும்': நூற்பாவின் கனமான இடம் இது. உப்பள வரப்பில் நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ கடித்தவருக்கு ஏற்றுவது விஷமுறிவு மருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரத்தைத் தாண்டி வடநெம்மேலி. அங்கே 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷத்தை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறது. அவை அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்துக் குப்பியில் அடைக்கின்றன. குதிரையின் புரதத்தோடு குதிரையின் ஜிசியும் வரும். நம் உடல் அதை அந்நியம் என்று கண்டுகொள்ளும்.

ஊனீர் (சீரம்) ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வருவதை 1905-லேயே பிர்கேயும் ஷிக்கும் விவரித்துவிட்டார்கள். 1924-ல் ஹங்கனுட்சியுவும் 1926-ல் டைஷரும் அப்படிப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் விலங்கின் சிவப்பணுக்களைத் திரளச்செய்யும் எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அதன் இலக்கு ஜிசிதான் என்பது தெரிய 1970-களின் பிற்பகுதி ஆயிற்று. எல்லாப் பழியையும் இந்தச் சர்க்கரை மேல் போடுவது தவறு. குதிரைப் புரதமே நமக்கு அந்நியம். மருந்து ஏற்றியவுடன் வரும் ஒவ்வாமை வேறு கணக்கு. இப்போதைய மருந்தில் அந்தப் புரதத்தின் வால் பகுதியை நொதியால் நறுக்கி நீக்குகிறார்கள். சர்க்கரையில் பெரும்பங்கு அந்த வாலோடு போய்விடுகிறது.

'பறவைக் காய்ச்சல் கோணம் திரியின் குடிபுகும்': இங்கே ஏசி, ஜிசி வேற்றுமை பேச்சில்லை. சியாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு எந்தக் கோணத்தில் இணைந்திருக்கிறது என்பதே பேச்சு. வாத்தின் குடலில் 2-3 இணைப்பு, நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரிதும் 2-6. பறவைக் காய்ச்சல் வைரஸ் 2-3 இணைப்பையே தேடுவதால் மனிதரிடம் எளிதில் ஒட்டுவதில்லை. நம் நுரையீரலின் ஆழத்தில் மட்டும் 2-3 உண்டு. அங்கே இறங்கிவிட்டால் நோய் கடுமை. 2003 முதல் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கண்டவர்களாக உலக சுகாதார நிறுவனம் பதிந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள்.

இந்தியாவில் அது முதலில் தென்பட்டது 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாபூர் கோழிப்பண்ணைகளில். ஆலப்புழை வாத்துகளைத் திரும்பத் திரும்பத் தாக்கியிருக்கிறது. அமெரிக்கக் கறவை மாடுகளில் 2024-ல் பரவிய வைரஸில் ஒரே ஒரு மாற்றம் நேர்ந்தால் போதும், பிடி மனித வகைக்குத் திரும்பிவிடும் என்று அவ்வாண்டு டிசம்பரில் ஓர் ஆய்வு காட்டியது. பரவுவதற்கு வேறு மாற்றங்களும் வேண்டும் என்பதும் உண்மை. அனுமந்தைப் பக்கம், 2021-ல் சரணாலயமான கழுவெளி நீர்நிலைக்கு வரும் ஊசிவால் வாத்துகள்மீது நான் பழி போடவில்லை. ஆனால் அவை இறங்கும் நீர்நிலையைச் சுற்றிக் கோழியும் வாத்தும் வளர்ப்போர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

உரையிற் கோடலாக ஒன்று. ஆட்டுக்கறி, மாட்டுக்கறியில் ஜிசி உண்டு; கோழியில் இல்லை, மீன் சதையில் மிகக் குறைவு. உண்டது சிறிதளவு நம் திசுவில் ஒட்டி, நாள்பட்ட அழற்சியையும் புற்றுநோயையும் தூண்டுமோ என்று வர்கி குழு கேட்கிறது. 2015-ல் அவர்கள் ஜிசி ஊட்டிய ஆய்வக எலிகளில் கட்டி உண்டாயிற்று. மனிதரில் நிறுவப்படவில்லை. இதை வைத்து 'கறி தின்றால் கேன்சர்' என்று வாட்ஸ்அப்பில் முழங்குவோரை நம்ப வேண்டாம்.

உப்பளத்திலோ ஏரிக்கரையிலோ பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் குதிரை, சர்க்கரை என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயிரைக் காப்பது அந்த மருந்துதான். ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் திரும்பவும் அதே டாக்டரிடம் போய்ப் பாம்புக்கடி ஊசி போட்டதைச் சொல்லுங்கள்.