சீனி, காடி, புளி: கறிக்குள் இனிப்பு வந்த வழி

எங்கள் மன்னார்குடிப் பக்கம் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர். அக்ரஹாரத்து வீடுகளில் அதையே ஜீனி என்பார்கள். சீனத்தோடு சம்பந்தப்பட்டதால் சீனி என்றுதான் பொதுவாக விளக்கம் சொல்லப்படுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் வித்தையைக் கற்றுவர 647-இல் தாங் வம்சத்துப் பேரரசர் தைசோங் மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாறே சொல்கிறது. இங்கிருந்து போன வித்தைதான். திரும்பி வரும்போது பெயரை மாற்றிக்கொண்டு வந்துவிட்டது.

இந்தச் சீனியை ஆட்டுக்கறியிலோ கோழிக்கறியிலோ போடுவது பற்றித்தான் இந்தக் குறிப்பு. என் மகள் யூடியூப் பார்த்து "ஸ்வீட் அண்ட் சோர் சிக்கன்" வீட்டிலேயே செய்யலாம் என்று கிளம்பினாள். வினிகர், தக்காளி கெச்சப், சோயா சாஸ், அன்னாசி, கூடவே ஒரு கை சீனி. அடுப்படி வாசலில் நின்ற அம்மா, "ஏண்டா, கறியில போயி சீனியக் கொட்டுவாங்களா? நம்மூர்ல எவனாவது செஞ்சிருக்கானா?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் நான் கேட்டுப் பார்த்தவர்களிடம் இரண்டு வகைப் பதில்தான் கிடைத்தது. ஒன்று, "அதெல்லாம் சீனாக்காரன் சமாச்சாரம், தமிழனுக்குக் கிடையாது." இன்னொன்று, "சங்க காலத்துலயே எல்லாம் இருந்துச்சு." இரண்டுமே தேடிப் பார்க்காமல் சொல்கிற பதில்கள்.

முதலில் சங்கப் பாடல்கள். குறுந்தொகை 167-ஆம் பாட்டில் புதுக்குடித்தனம் நடத்தும் ஒரு பெண் முற்றிய தயிரைக் கையால் பிசைகிறாள். கையைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. கணவன் சாப்பிட்டுவிட்டு இனிக்கிறது என்கிறான், அவள் முகம் மலர்கிறது. அந்தக் குழம்பைச் சொல்லும்போது புலவர் இனிமையையும் புளிப்பையும் சேர்த்தே அடை கொடுக்கிறார். இதை வைத்துக்கொண்டு "சர்க்கரை போட்ட புளிக்குழம்பு" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. பழந்தமிழில் இனிமை என்பது சுவையாக இருக்கிறது என்பதற்கும் வரும். பாட்டில் சர்க்கரையும் இல்லை, கறியும் இல்லை.

அகநானூறு 60 இன்னும் பக்கத்து ஊர் விஷயம். பாடியவர் குடவாயிற் கீரத்தனார். குடவாயில் என்பது நம் குடவாசல் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள், மன்னார்குடியிலிருந்து பைக்கில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பாட்டு நடப்பது சேரநாட்டுத் தொண்டியில். உப்பு விற்று வாங்கிய நெல்லின் வெண்சோறு, அதன் மேல் அயிலை மீன் போட்ட புளிக்குழம்பு, கூடக் கொழுத்த மீன் துண்டு. கடலில் மீன்பிடிக்கும் தகப்பனுக்குச் சின்ன மகள் கொடுக்கிறாள். இன்றைக்கும் எங்கள் தெருவில் மண்சட்டியில் கொதிப்பது ஏறக்குறைய இதுதான், மிளகாய் மட்டும் பிற்பாடு வந்து சேர்ந்தது. ஆக, புளியும் மீனும் சேர்ந்ததற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. இனிப்பு சேர்த்ததற்குத்தான் இல்லை.

கல்வெட்டுப் பக்கம் போனால், பாண்டியன் வரகுணனின் 9-ஆம் நூற்றாண்டு அம்பாசமுத்திரம் கல்வெட்டில் கோயில் அமுதுபடிப் பட்டியல் இருக்கிறது. அதில் காய்க்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்பவற்றோடு புளிங்கறி என்று தனி வகையே வருகிறது. கோயில் ஆகையால் இங்கே கறி என்றால் காய்கறிதான். (இன்றைக்கு மன்னார்குடியில் "ஞாயித்துக்கெழம கறி எடுக்கணும்" என்றால் ஆடு. ஒரு சொல் எங்கே கிளம்பி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!) ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே புளி போட்டு வைப்பது ஒரு தனிச் சமையல் முறையாகப் பெயர் பெற்றிருந்தது என்பது மட்டும் இங்கே தேவை.

தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியர்களைச் சொல்லாமல் இங்கே எந்தச் சாப்பாட்டுக் கட்டுரையும் முடிவதில்லை. ஷாஜி மன்னர் காலத்தில் ஆம்சுல் என்கிற கொக்கம் புளி வந்துசேராததால் நம் புளியைப் போட்டார்கள், விருந்தாளி சம்பாஜியின் பெயரில் சாம்பார் பிறந்தது என்று ஒரு கதை. இதைக் கதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் விஷயத்துக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் வேறொன்று. மராட்டியர்களின் ஆம்டியில் கொக்கமோ புளியோ விழுந்தால் கூடவே வெல்லமும் விழும், அது அவர்கள் வழக்கம். அந்த வெல்லக் கட்டி தஞ்சாவூர்ப் பக்கத்து வத்தக்குழம்பிலும் கடைசியில் விழுகிறது. அதே கை ஆட்டுக்கறிக் குழம்புக்கு வெல்லம் கிள்ளிப் போடாது. சரபோஜி அரண்மனைச் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாகசாஸ்திரத்தைச் சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டிருக்கிறது, அதில் அசைவமும் உண்டு. ஆனால் அரண்மனை அடுப்பில் நடந்ததெல்லாம் மன்னார்குடி வீட்டு அடுப்புக்கு வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் இன்ஜினியர் புத்தி. சமையலில் இனிப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், புளிப்பு எதிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

சீனத்தில் இந்த வகைச் சமையலின் பெயரே தாங்-ட்சூ, அதாவது "சர்க்கரை-காடி". தெற்குச் சீனத்துக் கூலோ யுக் என்பது பன்றிக்கறியில் செய்வது, அதுதான் உலகமெல்லாம் சுற்றிய "ஸ்வீட் அண்ட் சோர்". அங்கே புளிப்புக்கு அரிசியிலிருந்து எடுத்த காடி. காடி என்பது நம் பழைய சொல்தான், வினிகர் வருவதற்கு முன்னாலேயே புளித்த கஞ்சிக்கும் புளிக்காடிக்கும் நம்மிடம் பெயர் இருந்தது, மருத்துவ நூல்களில் நிறைய வரும். யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசச் சொல்லையே எடுத்து வினாகிரி என்கிறார்கள். போர்த்துக்கீசியர் காடியும் பூண்டும் போட்டு ஊறவைத்த இறைச்சிதான் கோவாவில் விண்டாலு ஆனது. 1658-இல் டச்சுக்காரர்களிடம் இழக்கும்வரை நாகப்பட்டினத்தில் இருந்தவர்களும் அவர்கள்தான். அப்படியிருந்தும் நம் கீழத்தஞ்சை அடுப்படியில் வினாகிரி ஒட்டவே இல்லை. ஏன்?

என் பதில்: இங்கே வேலை காலியில்லை. காடியில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுமார் அசெட்டிக் அமிலம், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இனிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் காடியில் கறி சமைக்கிறவர் இனிப்பை வெளியிலிருந்து கொண்டுவந்தாக வேண்டும். புளியங்காய் அப்படியல்ல. பழுத்த புளியின் சதையில் டார்டாரிக் அமிலம் 8 முதல் 18 சதவீதம், சர்க்கரை 25 முதல் 45 சதவீதம் வரை. அமிலத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம்! அமிலம் நாக்கில் முந்திக்கொள்வதால் நாம் அதைப் புளி என்கிறோம். அரபியர் வேறு மாதிரி பார்த்தார்கள், "இந்தியப் பேரீச்சை" என்ற பொருளில் தமர் ஹிந்தி என்றார்கள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். மரம் ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் இங்கே வந்தது, பெயர் மட்டும் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

வீட்டில் பிஎச் தாள் வைத்துப் பார்த்தேன். கடையில் வாங்கிய வினிகரும் கெட்டியாகக் கரைத்த புளியும் இரண்டுமே 3-ஐ ஒட்டித்தான் நிறம் காட்டின. புளிப்பின் அளவில் பெரிய வித்தியாசமில்லை. கூட வருவது என்ன என்பதில்தான் வித்தியாசம். புளியோடு சர்க்கரையும் பெக்டினும் வருகின்றன. சின்ன வெங்காயம் வதங்கும்போதும் தேங்காய் அரைத்து விடும்போதும் இன்னும் கொஞ்சம் இனிப்பு சேர்கிறது. மீன் குழம்பு மறுநாள் "இறங்கி" நன்றாக இருக்கிறது என்கிறோமே, அப்போது நாக்கில் படுவது இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஒன்றுதான். அதற்குத் தனிப்பெயர் வைக்கத் தேவை ஏற்படவில்லை, அவ்வளவே.

ஆட்டுக்கறியும் புளியும் இனிப்பும் ஒரே சாப்பாட்டில் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற சாலையில் கூத்தாநல்லூருக்குப் போக வேண்டும். பொதக்குடி, அத்திக்கடையும் அப்படித்தான். கல்யாண வீட்டில் சஹன் வைப்பார்கள். பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. நெய்ச்சோறு, கறிக் குருமா, தாளிச்சா, கத்தரிக்காய், பிறகு தக்காளியில் சீனி போட்டுக் காய்ச்சிய இனிப்புப் பச்சடி. தாளிச்சா என்றால் ஆட்டெலும்பும் கொழுப்பும் பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்ந்து புளியில் கொதித்தது.

தாளிச்சாவைத் தாளிப்பதோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஹைதராபாத்திலும் தால்சா இருக்கிறது, தால் என்கிற பருப்பிலிருந்து வந்த பெயர். பெயர் தக்காணத்தது, ஆனால் புளி கரைக்கிற கை இந்த ஊர்க் கை. கூத்தாநல்லூர் நண்பனின் அம்மாவிடம் செய்முறை கேட்டேன். "பருப்பத் தனியா கொழைய வேக வச்சிடணும் தம்பி. காயும் முக்காப் பதம் வெந்த பொறவுதான் புளி. முந்தி ஊத்திட்டா எதுவும் வேகாது" என்றார். அமிலத்தில் பருப்பும் காயும் மெதுவாகப்போகும் என்று வேதியியல் சொல்வதும் இதைத்தான்.

முக்கியமான விஷயம்: இனிப்புப் பச்சடி கறிச் சட்டிக்குள் போவதில்லை. தட்டில், பக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுகிறவர் விரலால் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறார், ஒருவர் நிறைய, ஒருவர் தொட்டுக்கொள்ள மட்டும். இலங்கையில் புளியும் சீனியும் வெங்காயமும் சேர்ந்த சீனிச் சம்பலும் இப்படித்தான், கறிக்குப் பக்கத்தில். சீனச் சமையல்காரர் வாணலியில் முடித்துவிடுவதை நம் ஆட்கள் தட்டுவரைக்கும் தள்ளிப்போடுகிறார்கள்.

இதே நண்பன் சென்னையில் அலுவலகத்துக்கு இந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோனபோது, கூட வேலை பார்க்கிறவர் "உங்க அரபு நாட்டுச் சாப்பாடா?" என்று கேட்டாராம். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறார். நண்பன் சிரித்துவிட்டு டப்பாவை மூடிவிட்டான். எனக்கு அது கேட்டதிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. டப்பாவில் இருந்தது டெல்டா நெல், உள்ளூர்க் கத்தரிக்காய், குடவாயிற் கீரத்தனார் பாட்டில் மீனோடு கொதித்த அதே புளி. வெளியூர்ப் பொருள் தேட வேண்டுமென்றால் தக்காளியும் மிளகாயும் இருக்கின்றன. ஆனால் அவை எங்கள் வீட்டு ரசத்திலும் இருக்கின்றன.

கடல் கடந்த தொடர்பு இல்லாமலில்லை. கூத்தாநல்லூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள். 1926-இல் கடலில் இறங்கிய ரஜூலா கப்பல் மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அந்தப் பக்கம் போனவர்களின் கையில் சீன நூடுல்ஸ் மாமாக் மீ கோரெங் ஆனது. தக்காளிச் சாஸும் இனிப்பும் காரமுமாக இருக்கும், இன்று அதை மலேசியாவின் தமிழ் முஸ்லிம் உணவு என்றே சொல்கிறார்கள். அங்கே இனிப்பு வாணலிக்குள்ளேயே போய்விட்டது, காரணம் பக்கத்துக் கடைக்காரர் சீனர். கெச்சப் என்ற சொல்லே தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் மீன் சாறுக்கான பெயரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. இன்றைய பாட்டிலில் மீன் இல்லை, ஏறக்குறைய கால்பங்கு சீனி இருக்கிறது. லேபிளைப் படித்துப் பாருங்கள்.

நம்மூர் தள்ளுவண்டிச் சீனச் சாப்பாடு வேறு வழியில் வந்தது. கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள், அங்கிருந்து பம்பாய், 1975-இல் நெல்சன் வாங் செய்த சிக்கன் மஞ்சூரியன், அதற்குப் பிறகு எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டும்.

மகளின் சமையலில் நான் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்த்தேன். அரைக் கிலோ கோழிக்கு அவள் எழுதிவைத்திருந்தது மூன்று மேசைக்கரண்டி வினிகர், நான்கு சீனி. வினிகரை எடுத்துவிட்டு எலுமிச்சை அளவு பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினோம். சீனிக்குப் பதில் வெல்லம் ஒன்றரைக் கரண்டியே போதுமாக இருந்தது. சோள மாவு கரைத்துவிடவே இல்லை, புளி தானாகவே கெட்டிப்பட்டுக் கோழித் துண்டில் ஒட்டிக்கொண்டது. குடைமிளகாயும் அன்னாசியும் அப்படியே. நிறம் மட்டும் கடையில் வருகிற சிவப்பு இல்லை, பழுப்பு. மகளுக்கு அதில் வருத்தம். அம்மா ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "இது மீன் கொழம்புல கோழியப் போட்ட மாரியில்ல இருக்கு" என்றார். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார்.