தினம் ஒரு பக்கம், வார இறுதியில் ஒரு மேஜை: காமிக்ஸ் ஓவியரின் வாழ்க்கை இப்படித்தான்!

'இரும்புக்கை மாயாவி'யைத் தெரியாத தமிழ் காமிக்ஸ் ரசிகர் உண்டா? மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துபோய், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமே... அதைப் பார்த்து வாய்பிளந்த தலைமுறை இங்கே இருக்கிறது. சரி, அந்தக் கையை வரைந்தது யார்?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரியாததில் நம் தப்பு எதுவும் இல்லைங்க. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர்தான் 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் அந்தத் தொடரை வரைந்தார். அன்றைய பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ்களில் வரைகிறவர் பெயரைப் போடும் வழக்கம் அநேகமாகக் கிடையாது. படம் வந்தது, பெயர் வரவில்லை.

இன்று நிலைமை வேறு. பெயர்ப்பலகையோடு மேஜை போட்டு உட்காரும் ஓவியரிடம் கையெழுத்து வாங்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள் ரசிகர்கள். இந்த மாற்றத்துக்கு நடுவே ஒரு தாள் இருக்கிறது. ஓவியர் பென்சில் பிடித்து வரைந்த அந்த ஒரிஜினல் தாள். அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டைதான் இவர்களின் பிழைப்பையே மாற்றியது. காமிக்ஸ் தொழில் பெரிதாக நடக்கும் அமெரிக்காவை வைத்தே இதைப் பார்ப்போம்.

மாதம் 20 பக்கம்... அவ்வளவுதானே?

அமெரிக்காவில் ஒரு மாத காமிக்ஸ் இதழில் கதைக்கு இப்போது பெரும்பாலும் 20 பக்கம், முன்பு 22. 'முப்பது நாளில் இருபது பக்கம்தானே, ஜாலியான வேலை' என்று தோன்றும். ஆனால், ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கட்டங்கள். அப்படியென்றால் மாதத்துக்கு நூறு படங்களுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஆட்கள், முகபாவம், உடை, பின்னால் தெரு, கட்டடம், கார். முதல் கட்டத்தில் சட்டையில் நான்கு பட்டன் என்றால், கடைசிப் பக்கத்திலும் நான்கு பட்டன்தான் இருக்க வேண்டும்!

கதாசிரியருக்கு என்ன, 'மலைமேலிருந்து ஆயிரம் குதிரை வீரர்கள் பாய்ந்து வருகிறார்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்கு ஓவியரின் ரெண்டு நாள் காலி. குதிரை, சைக்கிள், கூட்டம்... இந்த மூன்றையும் கண்டால் அனுபவசாலி ஓவியருக்கே பெருமூச்சு வரும்.

ஆகவே, 'தினம் ஒரு பக்கம்' என்பதுதான் இந்தத் தொழிலின் எழுதப்படாத விதி. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், அந்தப் பக்கம் மறுநாள் கணக்கில் ஏறிவிடும். இவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வரையாத நாளுக்குக் காசு கிடையாது. கெடு தாண்டினால் பதிப்பகம் வேறு ஓவியரை வைத்து அந்த இதழை முடித்துவிடும்.

ஒரு பக்கம் பிறக்கும் கதை

முதலில் ஸ்கிரிப்ட் வரும். அதைப் படித்துவிட்டு, உள்ளங்கை அளவில் குட்டிக் குட்டியாகக் கிறுக்கிப் பார்ப்பார் ஓவியர். எந்தக் கட்டம் பெரிசு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகும். முதலில் பேசுகிற பாத்திரம் இடதுபக்கம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால், பதில் முதலிலும் கேள்வி பிறகும் வந்து வாசகர் குழம்பிப்போவார். வசன பலூனுக்கு மேலே இடம் விட மறந்தால், ஹீரோவின் தலைமேலேயே பலூன் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது, 11 அங்குல அகலமும் 17 அங்குல உயரமும் கொண்ட கெட்டியான பிரிஸ்டல் போர்டு. அச்சில் வரும் பக்கத்தைவிட இது பெரிது. பெரிதாக வரைந்து சிறிதாக்கி அச்சிட்டால் கோடுகள் இன்னும் நறுக்கென்று தெரியும். சிலர் முதலில் வெளிர்நீலப் பென்சிலில் வரைவார்கள். அந்தக் காலத்து அச்சகக் கேமராவில் வெளிர்நீலம் பதிவாகாது என்பதால், அழிக்கும் வேலை மிச்சம். கேமரா போய் ஸ்கேனர் வந்த பிறகும் அந்த நீலப் பென்சிலை விடாதவர்கள் உண்டு.

பென்சில் வேலை முடிந்ததும் பல இதழ்களில் தாள் இன்னொருவரிடம் போகும். அவர் இங்க்கர். தூரிகையிலும் நிப் பேனாவிலும் இந்தியன் இங்க் தொட்டு, பென்சில் கோடுகளுக்கு உயிர் கொடுப்பவர். 'பென்சில் கோட்டின் மேலேயே இழுப்பதுதானே' என்று யாராவது சொன்னால் கடுப்பாகிவிடுவார். எந்தக் கோடு தடிமன், எங்கே கறுப்பு நிரப்புவது, எந்த நிழல் எவ்வளவு என்று அவர்தான் தீர்மானிக்கிறார். பிறகு ஸ்கேன், கலரிஸ்ட்டின் வண்ணம், லெட்டரரின் வசனம். கடைக்கு வரும் இதழில் குறைந்தது நான்கைந்து பேரின் உழைப்பு இருக்கும்.

வீட்டு மூலையே ஸ்டுடியோ

ஸ்டுடியோ என்றதும் பெரிய கண்ணாடிக் கட்டடம் கண்முன் வரும். நிஜத்தில் பலருக்கு அது வீட்டில் ஒரு அறை. கேப்டன் அமெரிக்கா, ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், எக்ஸ்-மென் என வரிசையாகப் பாத்திரங்களைச் சேர்ந்து உருவாக்கிய ஜாக் கிர்பி, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இருந்த தன் வீட்டின் தரைக்கு அடியில் இருந்த சின்ன அறையில்தான் வரைந்தார். அதற்கு 'டன்ஜன்' என்றே பெயர். பாதாளச் சிறை என்று அர்த்தம்! பெரும்பாலும் ராத்திரியில்தான் வேலை.

இன்னொரு வகையும் உண்டு. பேட்மேன் படங்களால் புகழ்பெற்ற நீல் ஆடம்ஸ், 1970களில் டிக் ஜியோர்டானோவோடு சேர்ந்து நியூயார்க்கில் 'கன்டினியூட்டி' என்ற ஸ்டுடியோவை நடத்தினார். விளம்பர வேலை ஒருபக்கம், காமிக்ஸ் இன்னொருபக்கம். ஊரிலிருந்து வாய்ப்புத் தேடி வந்த இளைஞர்கள் அங்கே உட்கார்ந்து வேலை கற்றார்கள். கெடு நெருங்கினால் பலர் ஒன்றாகக் குனிந்து ஒரே இதழுக்கு இங்க் போட்டு முடிப்பார்கள்.

எங்கே உட்கார்ந்தாலும் உடம்பு ஒன்றுதானே? மணிக்கட்டு வலி, கழுத்து வலி, முதுகு வலி, கண் எரிச்சல். சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷூஸ்டருக்குப் பார்வையே மங்கிப்போனது. கை நின்றால் வருமானம் நின்றது. பக்கக் கூலிக்காரருக்கு ஓய்வூதியம் ஏது?

தாளைத் திருப்பிக் கொடு!

1938-ல் எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். பாத்திரம் கோடிகளைக் குவித்தது. படைத்தவர்கள் முதுமையில் கஷ்டப்பட்டார்கள். நீல் ஆடம்ஸ் போன்றவர்கள் பத்திரிகைகளில் குரல் எழுப்பிய பிறகு, 1975-ல் வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. 'உருவாக்கியவர்கள்' என்று பெயர் போடவும் சம்மதித்தது.

பாத்திரத்தின் உரிமைதான் போச்சு, வரைந்த தாளாவது? அதுவும் ஓவியருக்கு வரவில்லை. அச்சாகி முடிந்ததும் ஒரிஜினல் தாள்கள் கிடங்குக்குப் போயின. சில பரிசாகக் கைமாறின, சில குப்பைக்குப் போயின. 'நீங்கள் வாங்கியது அச்சிடும் உரிமையை. தாள் எங்களுடையது' என்று ஓவியர்கள் வாதாடினார்கள். 1970களின் நடுவிலிருந்து பெரிய நிறுவனங்கள் புதுப் பக்கங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தன.

பழைய பக்கங்களுக்குத்தான் பெரிய இழுபறி. மார்வெல் மற்ற ஓவியர்களிடம் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டது. கிர்பியிடம் மட்டும் நான்கு பக்கப் படிவத்தை நீட்டியது. அவர் மறுத்தார். சக ஓவியர்களும் ரசிகர்களும் அவர் பக்கம் நின்றார்கள். கடைசியில் 1987-ல், அவர் வரைந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சுமார் 2,000 மட்டும் வீடு வந்து சேர்ந்தன.

மேஜைக்குப் பின்னால் ஒரு வார இறுதி

திரும்பி வந்த தாளை எங்கே விற்பது? அதற்குத்தான் கண்காட்சிகள் வழிவிட்டன. சான் டியேகோ காமிக்-கான் 1970-ல் ஒரு ஹோட்டலில் நடந்தபோது வந்தது சுமார் 300 பேர். அந்த முதல் வருட விருந்தினர்களில் கிர்பியும் ஒருவர். இன்று அங்கே 1,30,000-க்கும் மேல் கூடுகிறார்கள். நம்மூர்ப் பக்கமும் அலை வந்துவிட்டது. 2011-ல் டெல்லியில் தொடங்கிய இந்தியக் காமிக்-கான், 2024-ல் சென்னைக்கும் வந்தது.

இந்தத் திருவிழாக்களில் 'ஆர்ட்டிஸ்ட் ஆலி' என்று ஒரு பகுதி இருக்கும். வரிசையாக மேஜைகள். பெரும்பாலான ஊர்களில் அந்த மேஜைக்கு வாடகை உண்டு. பெரிய பெயர் என்றால் விழாக்குழுவே டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டு அழைக்கும். மற்றவர்கள் கைக்காசில்தான் வர வேண்டும். மேஜைமேல் அச்சிட்ட படங்கள், புத்தகங்கள், ஒரு பெரிய ஃபைலில் ஒரிஜினல் பக்கங்கள். பக்கத்தில் ஒரு விலைப்பட்டியல்: தலை மட்டும் என்றால் இவ்வளவு, மார்பளவு இவ்வளவு, முழு உருவம் இவ்வளவு. அட்டை வெறுமையாக விட்டு அச்சிட்ட இதழ்களை நீட்டி, அதில் படம் வரையச் சொல்பவர்களும் உண்டு.

பகலெல்லாம் சிரித்துப் பேசி, கையெழுத்துப் போட்டு, ராத்திரி ஹோட்டல் அறையில் பாக்கி ஸ்கெட்ச்களை முடித்து, திங்கட்கிழமை ஊர் திரும்பினால் ஜுரம். இதற்கு 'கான் க்ரட்' என்று பட்டப்பெயரே இருக்கிறது. சரி, போகாமல் இருந்துவிடலாமே? முடியாது. பலருக்கு இதுவும் குடும்பச் செலவில் ஒரு பங்கு. 2020-ல் கொரோனாவால் ஐம்பது வருடங்களில் முதல்முறையாக சான் டியேகோ விழா ரத்தானது. மற்ற ஊர் விழாக்களும் நின்றன. மேஜையை நம்பியிருந்த ஓவியர்களுக்கு அது விழுந்த பெரிய அடி.

பிரான்ஸில் வழக்கம் வேறு. அங்குலேம் போன்ற விழாக்களில், புத்தகம் வாங்குபவருக்கு உள்பக்கத்தில் ஓவியர் இலவசமாகப் படம் வரைந்து தருவது நெடுநாள் மரபு. வாசகருக்குக் கொண்டாட்டம். 'எங்கள் உழைப்புக்கு யார் கூலி தருவது' என்று ஓவியர்கள் இப்போது அங்கேயும் கேட்கிறார்கள்.

ஒரு தாள், இரண்டு விலை

இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் முழுவதையும் ஹெர்ப் டிரிம்பியின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1968 முதல் ஏழெட்டு வருடம் ஹல்க்கை வரைந்தவர். 'வுல்வரின்' முதன்முதலில் தலைகாட்டிய பக்கம், 1974-ல் வந்த ஹல்க் இதழில் அவர் வரைந்ததுதான். 1996-ல், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, மார்வெலில் வேலை போனது. மனம் தளராமல் படித்து, பள்ளியில் ஓவிய ஆசிரியரானார்.

அந்த வுல்வரின் பக்கத்தை அவர் 1983-லேயே ஒரு பதின்ம வயது ரசிகருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். 2014-ல் அது ஏலத்துக்கு வந்தபோது போன விலை 6,57,250 டாலர்! விற்றவரும் மனசுள்ளவர்தான். பணத்தில் பெரும்பகுதியை 'ஹீரோ இனிஷியேட்டிவ்' அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். வயதான, நோயுற்ற காமிக்ஸ் கலைஞர்களின் மருத்துவச் செலவுக்கும் வாடகைக்கும் உதவும் அமைப்பு அது. டிரிம்பி 2015 ஏப்ரலில் காலமானார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புகூட ஒரு கண்காட்சியில் ரசிகர்களோடு இருந்தார்.

தாளே இல்லாவிட்டால்?

இப்போது பலர் ஐபேடிலும் திரைமேல் வரையும் கருவிகளிலும் வரைகிறார்கள். தப்பான கோட்டை ஒரு தட்டில் அழிக்கலாம், நகரக் காட்சிக்கு முப்பரிமாண மாதிரியை வைத்துக்கொள்ளலாம், கெடுவுக்குள் முடிக்கலாம். ஆனால், முடிவில் கையில் தாள் இருக்காது. 2022 ஜனவரியில், ஸ்பைடர்மேன் கறுப்பு உடையில் வரும் மைக் ஸெக்கின் ஒரு பக்கம் 33.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. டிஜிட்டல் பக்கத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதனால் சிலர் பாதிவழியைப் பிடிக்கிறார்கள்: பென்சில் வேலையைத் திரையில் முடித்து, அதை வெளிர்நீலத்தில் பிரிஸ்டல் போர்டில் பிரின்ட் எடுத்து, மேலே நிஜ இங்க் போடுகிறார்கள். வேகமும் கிடைக்கும், தாளும் மிஞ்சும்.

நீங்கள் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது...

* ஸ்கெட்ச் வேண்டுமென்றால் முதல் நாள் காலையிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். மதியத்துக்குள் பலரின் பட்டியல் நிரம்பிவிடும்.

* 'சும்மா ஒரு படம் போட்டுக் கொடுங்களேன்' வேண்டாமே. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இருபது வருடப் பயிற்சி இருக்கிறது.

* வரைந்துகொண்டிருக்கும்போது மேஜையில் சாயாதீர்கள். ஒரு ஆட்டத்தில் இங்க் கோடு போய்விடும்.

* போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். வெளிவராத பக்கம் மேஜையில் இருக்கலாம்.

* நீங்களும் வரைபவரா? கூட்டம் குறைந்த நேரத்தில் உங்கள் படங்களைக் காட்டுங்கள். தனிப் போஸ்டரைவிட, கதை நகரும் தொடர்ச்சியான நான்கைந்து பக்கங்கள்தான் உங்கள் திறமையைச் சொல்லும்.

* ஒன்றும் வாங்க வசதியில்லையா, பரவாயில்லை. எந்த இதழில் எந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மாதம் முழுக்கத் தனி அறையில் குனிந்திருப்பவருக்கு, தன் கட்டம் ஒன்று யாரோ ஒருவர் மனதில் தங்கியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.