கேட்டது ஒன்று, பெற்றது ஒன்று

புகழ்பெற்ற நூலொன்றை முதன்முறையாக எடுப்பவர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. பிறர் சொன்ன புகழுரை, பார்த்த திரைப்படம், தம் மனமே புனைந்து வைத்த கதை ஆகியவற்றைச் சுமந்துகொண்டுதான் முதல் பக்கத்தைப் புரட்டுகிறார். இந்த எதிர்பார்ப்பு வாசிப்புக்கு வழித்துணையா, வழித்தடையா? ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் கற்பனைப் பெருங்கதையின் வரலாறு இக்கேள்வியைச் சிந்திக்க உதவும்.

1937 செப்டம்பரில் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ வெளிவந்தது. டிராகன் காத்துவந்த புதையலைத் தேடிச் செல்லும் ஒரு சிற்றுருவனின் கதை அது. கையெழுத்துப் படியைப் பத்து வயதுச் சிறுவன் ரெய்னர் படித்துப் பாராட்ட, அவனுடைய தந்தையான பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதனை நூலாக்கினார். நூல் நன்கு விற்பனையானது. தொடர்ச்சி ஒன்று வேண்டுமென அவர் கேட்க, அவ்வாண்டு டிசம்பரிலேயே டோல்கீன் எழுதத் தொடங்கினார். சிறுவர் கதை ஒன்றையே பதிப்பாளர் எதிர்பார்த்தார். எழுதியவரும் அவ்வாறே எண்ணினார்.

ஆனால் கதை அவ்வெண்ணத்திற்கு அடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் நின்று நின்று வளர்ந்து, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெரியோருக்கான பெருங்காவியமாக முடிந்தது. இதற்குள் ரெய்னர் வளர்ந்து தந்தையின் நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். இந்நூலால் ஆயிரம் பவுன் நட்டம் நேரலாம் என்று 1952-இல் அவர் தந்தைக்கு எழுதினார். நூல் உயர்ந்ததென்று மகன் நம்பினால் அந்த நட்டத்தையும் ஏற்கலாம் என்று தந்தை இசைந்தார். 1954 ஜூலை, நவம்பர், 1955 அக்டோபர் என மூன்று பாகங்கள் வெளிவந்தன. இரண்டாம் பாகத்தின் முடிவில் கதைநாயகன் பகைவரிடம் சிக்கியிருக்க, வாசகர்கள் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தனர். நட்டம் தரும் என்று அஞ்சப்பட்ட நூல் பின்னர்க் கோடிக்கணக்கில் விற்றது.

திறனாய்வாளரும் எதிர்பார்ப்புகளுக்கு விலக்கல்லர். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் நூலைப் போற்றினார்; எட்மண்ட் வில்சன் 1956-இல் அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று எள்ளினார். மோதிரம் என்பது அணுகுண்டே என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. தம் கதை எதற்கும் உருவகமன்று என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் மறுக்க வேண்டியதாயிற்று.

கத்தோலிக்க வாசகர்களாகிய நமக்கும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. டோல்கீனின் தாய் மேபல், கைம்பெண்ணாக இருந்த நிலையில், 1900-இல் கத்தோலிக்க மறையைத் தழுவினார். அதனால் உறவினரின் பண உதவியை இழந்த அவர் 1904-இல் இறந்தார். பன்னிரண்டு வயது டோல்கீனையும் தம்பியையும், கர்தினால் நியூமன் நிறுவிய பர்மிங்காம் ஓரட்டரியின் குரு பிரான்சிஸ் மார்கன் காப்பாளராகப் பேணினார். இத்தகையவரின் நூலில் ஆலயமும் குருவும் திருப்பலியும் இருக்குமென்று தேடுவோம். அவை அதில் இல்லை. தம் படைப்பு அடிப்படையில் கத்தோலிக்கமானது, அதனாலேயே வழிபாட்டு அடையாளங்களை விலக்கினேன் என்னும் கருத்தை 1953-இல் இயேசு சபையைச் சார்ந்த நண்பர் ராபர்ட் மர்ரேக்கு எழுதினார்.

அப்படியாயின் விசுவாசம் எங்கே இருக்கிறது? தீய மோதிரம் அழியும் நாள் மார்ச் 25 என்று பின்னிணைப்பு குறிக்கிறது. அது மங்கள வார்த்தைத் திருநாள். அதனினும் ஆழமான அடையாளம் கதையின் உச்சத்தில் உள்ளது. வீரனின் ஆற்றல் வெல்லும் என்று நாம் காத்திருக்கிறோம். முன்பொருநாள் ஓர் இழிந்தவனுக்குக் காட்டப்பட்ட இரக்கமே அங்கு மீட்பாகிறது. அது எவ்வாறு என்பதை நூலில் படித்தறிவதே நன்று.

எம்மாவு வழியில் நடந்த சீடர்களுக்கும் எதிர்பார்ப்பு இருந்தது. அதுவே உடன் நடந்தவரை அறியவொட்டாமல் அவர்கள் கண்களை மறைத்தது எனலாம். எதிர்பார்ப்பே கூடாதென்பதில்லை; அதுதான் நம்மை நூலின் வாசல்வரை அழைத்து வருகிறது. வாசலைக் கடந்தபின் பேசும் உரிமையை நூலுக்கு விட்டுக்கொடுப்போம். நூல்களிடம் பழகிய இப்பொறுமை, மனிதரிடமும் நமக்கு வாய்க்கட்டும்.