கலம் முதலில் பானை

நீரோடு கலந்து செல்வதால் கப்பலுக்குக் கலம் என்று பெயர் வந்ததாம். மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். நீரில் கலக்காமல் மிதப்பதல்லவா கப்பலின் தொழில்? ஓசை ஒத்தால் போதும் என்று வேர் காட்டுகிறவர்கள் பொருளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கலம் முதலில் பானை. புறநானூற்றின் 228ஆம் பாட்டும் 256ஆம் பாட்டும் குயவனைக் கலம் செய்பவன் என்றே விளித்து அவனிடம் ஈமத்தாழி பற்றிப் பேசுகின்றன. 660ஆம் குறளில் வருவது சுடாத மண்கலம். மலையாளத்தில் சோற்றுப் பானைக்கு இன்றும் கலம் என்றே பெயர்.

அளவுப் பெயர்களுக்கு முதலாகும் ஒன்பது எழுத்துகளைத் தொல்காப்பியர் சொல்கிறார். அதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் தரும் காட்டுகள்: கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. அத்தனையும் ஏனங்கள்! அளந்த ஏனத்தின் பெயரே அளவுக்கு ஆகியிருக்கிறது. தஞ்சைக் களத்துமேட்டில் பன்னிரண்டு மரக்கால் நெல் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை. நெல்லைக் கொண்டது அளவாயிற்று. ஆளையும் சரக்கையும் கொண்டது கப்பலாயிற்று. மரக்கலம் என்று அடை கொடுத்துச் சொன்னதே, வெறுங்கலம் மண்ணால் ஆனது என்பதற்குச் சான்று.

இந்த மரக்கலத்தை விட்டுவிட்டு, மரக்காயர் என்ற முஸ்லிம் சமூகப் பெயரை, கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. சிங்களவர் இலங்கைச் சோனகரை 'மரக்கல' என்கிறார்கள். மர்கப்பில் அந்த லகரம் ஏது? மரக்கலராயர் மரக்காயர் ஆனார் என்பதே எனக்கு உடன்பாடு.

அணிகலமும் படைக்கலமும் எதைக் கொள்கின்றன என்று மடக்குவார்கள். 206ஆம் புறப்பாட்டை எடுத்துப் பார்க்கட்டும். அதியமானின் வாயிற்காவலனிடம் சினந்து புறப்படும் ஔவை, கலனைக் காவடியில் ஏற்றிக் கலப்பையைக் கட்டுகிறார். கலன் அங்கே எதையும் கொள்ளும் ஏனம் அன்று, யாழ். கலப்பை என்றதும் நமக்கு ஏர் நினைவு வருகிறது; ஔவைக்கு அது இசைக்கருவிகளும் பிற தட்டுமுட்டும் வைக்கும் பை. மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து போவதும் இதே பைதான்.

பானை எப்படி யாழாகும் என்பவர்கள் வடமொழிப் 'பாண்டம்' என்ற சொல்லைப் பார்க்கலாம். பானை, சரக்கு, கருவி, அணி, வாத்தியம் என இத்தனை பொருளும் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு. வடமொழியில் பாண்டம் நடந்த வழியிலேயே தமிழில் கலமும் நடந்திருக்கிறது. 60ஆம் குறளில் நன்மக்களை அணியாகக் காட்டும் நன்கலமும் குயவன் சக்கரத்தில் பிறந்த சொல்லே என்பதில் எனக்கு ஐயமில்லை.