உலோகம் உரைக்கும் வரலாறு

பழைய மாண்டலின் ஒன்று பிறர் கையிலிருந்து நம் கைக்கு வரும்போது, அதன் மரத்தின் மெருகையே முதலில் நோக்குகிறோம். துருவேறிய திருகுகளும் மங்கிய தகடுகளும் கழற்றி எறியத்தக்கனவாகவே தோன்றுகின்றன. ஆயினும் அக்கருவியின் வரலாற்றைப் பெரிதும் தாங்கி நிற்பன அச்சிறு உலோக உறுப்புகளே எனலாம்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற மாண்டலினில் நரம்புத் தந்திகளும் பித்தளைத் தந்திகளும் இருந்தன; அவற்றை முறுக்க மரப் பிரடைகளே போதுமாயின. 19ஆம் நூற்றாண்டில் அந்நகரின் பாஸ்குவாலே வினாச்சியா எஃகுத் தந்திகளைப் பூட்டினார். வயலினைப் போலவே சுருதி கூட்டப்படும் நான்கு இணைகள், ஆக எட்டுத் தந்திகள், கருவியைப் பன்மடங்கு வலுவாக இழுத்தன. மரப் பிரடை அந்த இழுவைக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே திருகும் பற்சக்கரமும் கூடிய பொறிப் பிரடை இடம்பெற்றது. தந்தி மாறவே, உறுப்புகளும் ஒவ்வொன்றாக மாறின.

அமெரிக்காவின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன், வயலினைப் போல வளைவாகக் குடைந்த பலகையுடைய மாண்டலினுக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் 1902இல் நிறுவனம் எழுந்தது. வீணையில் நாம் குதிரை என்றழைக்கும் உறுப்பு, 1921இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், இரு சிறு சக்கரங்களால் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியதாயிற்று. தண்டு வளையாதபடி அதனுள் எஃகுக் கம்பியை வைக்கும் முறைக்குத் தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்றார். அக்கம்பியை முறுக்கும் மரை, தலைப்பகுதியில் ஒரு சிறு மூடியின் கீழ் மறைந்திருக்கிறது.

இவற்றை அறிந்தவர்க்குப் பழைய கருவி தன் வயதைத் தானே உரைக்கிறது. 1910ஆம் ஆண்டுக் கருவியொன்றில் சக்கரமுடைய குதிரை காணப்படின், அது பின்னர் வந்து சேர்ந்ததே. அவ்வாறு மாற்றியது குற்றமுமன்று. நம் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கமகத்தின் பொருட்டு இணைத் தந்திகளை விடுத்து, ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலினையே கையாண்டார். இசையின் தேவை உறுப்பை மாற்றுவது இயல்பு. அறியாமை மாற்றுவதே இழப்பு.

ஆகவே பழைய கருவியைப் பெற்றவர் முதலில் செய்யவேண்டியது மாற்றுதலன்று, அறிதல். குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தாலேயே அது நிலைத்திருக்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒருங்கே கழற்றினால் அதன் இடம் தவறும். பன்னிரண்டாம் மெட்டில் சுருதி பிசகும். இறுகிய பிரடைக்குப் பல வேளைகளில் ஒரு துளி எண்ணெயே போதும். புதிய பிரடை தேவையெனின், அச்சுகளின் இடைவெளியை அளந்த பின்னரே வாங்கவேண்டும். இல்லையேல் தலைப்பகுதியில் புதுத் துளைகள் இடநேரும். கழற்றிய பழைய உறுப்பையும் கருவியோடு பேணுதல் நன்று.

பில் மன்றோவின் கருவி இதற்குத் தக்க சான்று. 1923இல் கிப்சன் நிறுவனத்தில் உருவான அந்த மாண்டலினை, 1940களில் மயாமி நகரின் முடிதிருத்தகம் ஒன்றில் விற்பனைக்கு இருக்கக் கண்டு அவர் வாங்கினார். புளூகிராஸ் என்னும் இசைமரபு அதனோடு வளர்ந்தது. 1985 நவம்பரில் அவர் இல்லத்தில் புகுந்த எவரோ அதனை அடித்து நொறுக்கினர். சில்லுகளைக் குப்பையென எவரும் எறிந்துவிடவில்லை. சார்லி டெரிங்டன் என்னும் கைவினைஞர் அவற்றைப் பொறுமையோடு ஒன்றுடன் ஒன்று பொருத்தினார். கருவி மீண்டும் மன்றோவின் கையில் ஒலித்தது.

சிதைந்த சில்லுக்கே அத்துணை மதிப்பு இருந்ததெனில், துருவேறிய திருகொன்றை எறியுமுன் ஒருகணம் நின்று பார்ப்பது மிகையாகாது.