ஓரியூரில் விழுந்த வெட்டு

ஓரியூர்ச் செம்மணலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்களில் சிலுவை போடாதவர்களும் உண்டு. திருவாடானைப் பக்கத்துக்காரனான எனக்கு அது புதிதல்ல. 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே அருளானந்தரின் தலையை வெட்டியதற்கு 'மதவெறி' என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்வதுதான் ஒட்டவில்லை.

அருளானந்தர் என்பவர் லிஸ்பனில் பிறந்த சேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ; காவி கட்டி, புலால் தள்ளி, பண்டாரசாமியாக மறவர் சீமைக்குள் நடந்தவர். 1686இல் பிடிபட்டு, அடிபட்டு, இனி போதிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு விடப்பட்டார். ஐரோப்பா போனவர் திரும்பியும் வந்தார். பல மனைவியர் கொண்ட மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவிதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் இளையவள், சீமையின் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள். வீட்டு வழக்கு அரசாங்க வழக்கானது.

அரியணைக்கு உரியவர் தடியத்தேவரே என்று சேசு சபைக் கடிதங்கள் சொல்கின்றன. அவர் பின்னால் புது மதத்தார் திரண்டால்? கிழவனின் பயம் அதுதான் என்பது என் கணிப்பு. இதே கிழவனுக்கு நெருங்கிய நண்பர் கீழக்கரை சீதக்காதி மரைக்காயர்! பிற மதத்தாரைப் பொறுக்காத அரசரா அவர்? தலைநகரில் வெட்டத் துணியாமல்தான் சாமியாரை ஓரியூருக்கு அனுப்பினார்.

அந்த வெட்டுக்கு ஏறத்தாழ ஐம்பதாண்டு முன் இதே சீமையில் பக்தி வேறு வேலை செய்தது. மதுரைத் திருமலை நாயக்கர் அன்றைய சேதுபதியைச் சிறைவைத்ததும் உள்நாட்டுச் சண்டை மூண்டு, ராமேஸ்வரப் பாதை கொள்ளைக்காடானது. யாத்திரிகர்களும் சாமியார்களும் மதுரையில் முறையிட்டார்கள். நாயக்கர் சேதுபதியை விடுவித்தார்.